அவர் நிரப்பி வைத்த தண்ணீர்

நான் வேலை செய்த கந்தோரின் கூடத்து மூலையில், ஒரு கறுப்பு மர முக்காலியின் மேல், வெள்ளைப் பீங்கான் பில்ட்டர் ஒன்று இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே நிற்கும் வெள்ளைக் குழல் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். கீழடுக்கில் சின்னக் குழாய். அதைத் திறந்தால் தண்ணீர் நேராக விழாது. சற்று இடப்பக்கமாகச் சாய்ந்து ஒழுகும். கிளாஸை நேரே பிடித்தவர்களுக்குப் புறங்கை முழுக்க நனைந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதல் நாளே அது நனைத்துவிடும். பழையவர்கள் வேலையை விட்டுவிட்டு அதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள். என்னையும் நனைத்தது. அன்று சிரித்தவர்களில் எங்கள் இரசாயனவியலாளரும் ஒருவர். சிரித்து முடிந்ததும் எழுந்து வந்து தன் கைக்குட்டையை நீட்டியவரும் அவர் மட்டும்தான்.

இப்போது நான் இருக்கும் மகன் வீட்டில் மூன்று தண்ணீர் உண்டு. சமையலறைக் குழாயில் வருவது ஒன்று. சுவரில் மாட்டிய, நீல விளக்கு எரியும் யந்திரத்தில் வடிந்து வருவது ஒன்று. கடைக்காரர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் பெரிய போத்தல் ஒன்று. மகனுக்கு யந்திரத்தில் நம்பிக்கை, மருமகளுக்குப் போத்தலில். சாப்பாட்டு நேரத்தில் அதற்கொரு வாய்ச்சண்டை நடக்கும். “அத்தை, ஒங்களுக்கு எந்தத் தண்ணி?” என்று மருமகள் கேட்பாள். ஏதாவது ஒன்று குடு என்பேன். வயதாகிவிட்டது, இவருக்கு எல்லாம் ஒன்றுதான் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்பதை ஒரு காலத்தில் மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்தவள் நான். அந்தத் தேர்வுதான் இத்தனை வருடமாக என்னைப் போட்டு அறுக்கிறது.

கலவரத்தில் எரிந்த தமிழர் கடைகளுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு பூசி, வடக்கில் போர் தொடங்கிச் சில வருடங்களான காலம் அது. கண்டி நகரத்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் ஒரு சிறிய கந்தோரில் நான் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தேன். ஊர் பன்வில, அப்பா அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இரசாயனவியலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். அவரோ கண்டியில் ஒரு தனி அறையில், கடிதத்தை நம்பி இருந்தார். பதினெட்டுப் பேர் வேலை செய்த அந்தக் கட்டிடத்தில் நாங்கள் இருவர்தான் தமிழர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது மொழி ஒன்றுதான். அதுவும் பாதிதான் ஒத்துப்போனது.

“நீங்கள் பீலித் தண்ணி குடிச்சு வளந்தனீங்கள். உங்களுக்கென்ன, கல்லும் செமிக்கும்,” என்று என்னைச் சீண்டுவார். மலையிலிருந்து வரும் ஊற்றைத் தகரப் பீலி வைத்துப் பிடித்துத்தான் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எல்லாரும் குடித்தோம், அதைத்தான் சொல்கிறார்.

“நீங்க உப்புத் தண்ணி குடிச்சு வளந்தவங்க சேர். அதான் எதைக் கண்டாலும் சோதிச்சுப் பாக்குறீங்க,” என்பேன் நான்.

“ஓம், அதுவும் சரிதான்,” என்று உடனே ஒத்துக்கொள்வார். அவரோடு சண்டை பிடிப்பது கடினம்.

அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்க்கத் தெருவில் ஆட்கள் கூடுவார்கள். பொதுக் குழாயடிக்கோ ஒரு வீட்டுக்கோ போனால் நேராகப் போத்தலை நீட்டித் தண்ணீர் பிடிக்க மாட்டார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, கம்பியில் சுற்றி, கொளுத்தி, குழாயின் வாயைச் சுட்டெடுப்பார். குழாயின் வாயில் இருக்கும் அழுக்கைத் தண்ணீரின் கணக்கில் எழுதக்கூடாது என்பது அவர் நியாயம். பிறகு கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கொதிநீராவியில் சுத்தம் செய்த போத்தலில் பிடிப்பார். இன்னொரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து ஒரு துளி மருந்து விட்டால் அது இளமஞ்சளாக மாறும். அந்த மஞ்சளை வைத்துத் தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறதென்று சொல்லிவிடுவார். சந்தையடிப் பிள்ளைகள் அவருக்குத் தண்ணீருக்குத் தீ வைக்கிற மாத்தயா, அதாவது ஐயா, என்று சிங்களத்தில் பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அந்த நாளில் எங்கள் கந்தோரில் குழாய்த் தண்ணீர்க்காரர்கள், பில்ட்டர்காரர்கள், கொதித்தாறிய தண்ணீர்க்காரர்கள் என்று மூன்று கட்சி இருந்தது. போத்தல் தண்ணீர் வாவியோரத்து ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்கள் வாங்குகிற சாமான்; எங்களுக்கு அது சிரிப்பதற்கொரு பகிடி. இரசாயனவியலாளர் தன் அறையில் குழாய்த் தண்ணீரைத்தான் அப்படியே குடித்தார். “நான் கையெழுத்து வைக்கிற தண்ணியை நான் குடிக்காட்டி, பிறகு ஆர் குடிக்கிறது?” என்று கேட்பார். ஆனால் எங்கள் கட்டிடத்துக் குழாய்கள் வெள்ளைக்காரன் காலத்தவை, துரு இறங்கும். தண்ணீரில் பிழையில்லை, கட்டிடத்தில்தான் பிழை என்று சொல்லி, அந்தப் பீங்கான் பில்ட்டரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பியூனுடைய வேலை அது. பியூனிடம் விடமாட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் உள்ளே இருக்கும் குழலைக் கழற்றி மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவுவார். தினமும் காலை எல்லாருக்கும் முன்னே வந்து மேலடுக்கை நிரப்பி, முதல் கிளாஸைத் தான் குடித்துவிட்டுத்தான் ஆய்வுகூடத்துக்குள் போவார். மத்தியானம் அது காலியாகிவிடும், மறுபடி நிரப்புவார். ஊரில் அவர் வீட்டுக் கிணற்றடியில் யார் வந்தாலும் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது வழக்கமாம். இங்கே அதற்குப் பதிலாக இது என்று ஒருமுறை சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் அவருடைய தனிமை எனக்கு முதலில் தெரிந்தது.

பிறகு அந்த மழை வந்தது. ஒரு வாரம் விடாமல் அடித்து, மகாவலி செம்மண் கரைசலாக ஓடியது. கலங்கல் தண்ணீருக்குக் குளோரின் கூட்ட வேண்டும். அது எந்த நாளும் செய்கிற வழமை. அவர் கணக்குப் பார்த்துக் கூட்டச் சொன்னார். அதே வாரம்தான் வடக்கில் பெரிய சண்டை நடந்து, இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு, இராணுவத்தில் சேர்ந்த சிங்களப் பையன்களின் உடல்கள் வந்துகொண்டிருந்தன. மூலைக்கு மூலை துக்கத்தின் வெள்ளைக் கொடி. காலையில் குழாயைத் திறந்தவர்களுக்குத் தண்ணீரில் மருந்து மணம் மூக்கில் ஏறியது. பத்து மணிக்கெல்லாம் ஆற்றுத் தண்ணீரைத் தேக்கி ஊருக்கு விடும் குளத்தில் விஷம் கலந்துவிட்டார்கள் என்ற கதை கண்டி முழுக்கப் பரவிவிட்டது. கலந்தது யார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மக்களுக்கு விளக்கம் கொடுத்து ஓர் அறிவித்தல் ஒட்டுவதென்று முடிவானது. எங்கள் எஞ்சினியர், நல்ல மனிதர், தானே கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். இரசாயனவியலாளர் விடவில்லை. சோதித்தவன் யாரோ அவன்தான் கையெழுத்து வைக்க வேண்டும், அதுதான் முறை என்று நின்றார். சிங்களப் பிரதி அடுத்த மேசையில் அடிக்கப்பட்டது. தமிழ்ப் பிரதியை நான் அடித்தேன். கன மழையால் கலங்கிய நீரைச் சுத்திகரிக்க வழமையைவிடச் சற்றுக் கூடுதலாக மருந்து சேர்க்கப்பட்டுள்ளது, நீர் பாதுகாப்பானது என்று இருந்தது. கீழே அவருடைய முழுப்பெயர்.

“சேர், மருந்து சேத்தோம்னு எழுதத்தான் வேணுமா?” என்று கேட்டேன்.

“சேத்தது உண்மை தானே, பிள்ளை. அந்த மணத்துக்குக் காரணம் சொல்லாட்டி ஆர் நம்புவினம்?”

நான் தாளை உருவி அவரிடம் நீட்டினேன். படித்தவர், அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். தோட்டத்திலிருந்து வந்தவளுக்கு ஊரின் கோபம் தெரியும். அவருக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரியும் என்பதை நான் அன்று யோசிக்கவில்லை.

பஸ் நிலையத்திலும் சந்தையிலும் அந்த அறிவித்தல் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. தமிழன் ஒருவன் தண்ணீரில் மருந்து கலந்ததாகத் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான் என்று ஊர் வாசித்தது. மத்தியானம் கந்தோர் வாசலில் கூட்டம். இரண்டு மணிக்குப் பொலிஸ் வந்து அவரையும் அவருடைய பதிவுப் புத்தகத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. ஏறும்போது, அடுப்பில் ஏதோ கொதிக்கிறது, அணைத்துவிடுங்கள் என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். பின்னாலேயே எஞ்சினியர் போய், மாலையில் அவரை அழைத்துக்கொண்டு வந்தார். அடிக்கவில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள் என்றார். புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். அதைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. அன்றைய அளவுகளை எங்கே எழுதுவது என்று என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார்.

மறுநாள் இன்னொரு அறிவித்தல் போனது. அதில் மருந்தைப் பற்றிய பேச்சே இல்லை. நீர் பாதுகாப்பானது என்று இரண்டு வரி. கீழே அவருடைய உதவியாளரான சிங்களப் பொடியனின் கையெழுத்து. அவன் அந்த வாரம் ஒரு போத்தல் தண்ணீரைக்கூடச் சோதித்திருக்கவில்லை. ஊர் அமைதியாகிவிட்டது. அன்று மாலையே குழாயடிகளில் வாளிகள் வரிசைக்கு வந்துவிட்டன. அதே ஆறு, அதே குளம், அதே குளோரின்.

ஊர் மறந்துவிட்டது. கந்தோர் மறக்கவில்லை. யாரும் அவரிடம் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். எல்லாரும் காலை வணக்கம் சொன்னார்கள், வீட்டில் சுகமா என்று கேட்டார்கள். ஆனால் எஞ்சினியருக்கு வயிற்றில் புண் வந்துவிட்டது. மனைவி கொதிக்கவைத்த தண்ணீரைப் பிளாஸ்கில் கொடுத்துவிட்டார். கடிதப் பகுதியில் வேலை செய்த ஓர் அம்மாவுக்கு உடம்புச் சூடு. அவர் கொத்தமல்லித் தண்ணீருக்கு மாறினார். பியூனுக்குத் தாகமே எடுப்பதில்லை. கையெழுத்துப் போட்ட அந்த உதவியாளப் பொடியன் ஒருநாள் கடைத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றோடு வந்தான். மேசையில் வைக்க வெட்கப்பட்டு இழுப்பறைக்குள் வைத்து, குனிந்து குனிந்து குடித்தான். ஒரு கந்தோரில் இத்தனை வியாதி ஒரே வாரத்தில் வந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. இரசாயனவியலாளர் வழமைபோல் காலையில் வந்து மேலடுக்கை நிரப்பி, முதல் கிளாஸைக் குடித்துவிட்டு உள்ளே போனார். மாலையில் பில்ட்டர் அப்படியே நிறைந்து நின்றது.

அதில் தொடர்ந்து குடித்தது நான் மட்டும்தான். இரண்டு வாரம் குடித்தேன். மூடியைத் தூக்கிப் பார்த்து ஒரு விரற்கடை குறைந்திருப்பதைக் கண்டால் அவர் முகம் தெளியும். அந்த ஒரு விரற்கடைக்காக நான் தாகமில்லாதபோதும் எழுந்து போய்க் குடித்திருக்கிறேன். பிறகு ஒருநாள் கடிதப் பகுதி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நல்லெண்ணத்தோடுதான், நீங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே தண்ணீரைக் குடிப்பது எல்லார் கண்ணிலும் படுகிறது என்றார். பயமில்லாமல் குடிப்பவருக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரிந்திருக்கும் என்று யாரோ பேசிக்கொண்டார்களாம்.

அறைக்கு வந்து அழுதேன். வீட்டுக்கார அக்கா, அவரை ராத்தா என்பேன், கதவடியில் வந்து நின்றார். சொன்னேன்.

“நீங்க ஒங்கட பாட்டுல இருங்க புள்ள,” என்றார். “அந்தாளு நல்லவருதான், அல்லாவுக்குத் தெரியும். ஆனா ஒங்கட சம்பளத்த நம்பி வீட்டுல நாலு சீவன் இரிக்கிது. நான் தண்ணி காய்ச்சித் தாரேன், கொண்டு போங்க.”

மறுநாள் ஒரு பழைய சர்பத் போத்தலில் கொதித்தாறிய தண்ணீரோடு போனேன். மேசையில் வைத்தேன். அன்றைய அளவுகளை எழுதிய தாளைத் தட்டெழுதக் கொண்டுவந்த இரசாயனவியலாளர் போத்தலைப் பார்த்தார். தொண்டை கட்டியிருக்கு சேர் என்று, அவர் கேட்காமலே சொன்னேன். என் குரல் மணியடித்தாற்போலத் தெளிவாக இருந்தது.

“ஓம். தொண்டைக்குக் கொதிச்சாறின தண்ணிதான் நல்லது,” என்றார். தாளை வைத்துவிட்டுப் போனார்.

அவர் மேல் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. மற்றவர்களாவது பயந்து விலகினார்கள். நான் தெரிந்துகொண்டே விலகினேன். அதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு நியாயம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஏழு மாதம் அவர் அந்தப் பில்ட்டரை நிரப்பினார். திங்கட்கிழமைகளில் குழலைக் கழற்றித் தேய்த்தார். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, தனக்கு இரண்டு கிளாஸ். மிச்சத்தை மாலையில் சின்ன வாளியில் பிடித்து வாசலில் இருந்த அந்தூரியச் சட்டிகளுக்கு ஊற்றினார். அந்தச் செடிகள் அந்த வருடம் பூத்ததுபோல் எந்த வருடமும் பூக்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். போரில் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக் கிடந்ததால் ஊருக்கும் போகமுடியவில்லை. எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை.

நாலைந்து வருடம் கழித்து, எனக்குக் கலியாணமாகிக் கைக்குழந்தையும் இருந்தபோது, ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நாவலப்பிட்டிக்குப் போனேன். அங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில், யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். குழாயின் வாயில் நெருப்பு வைத்துக் காட்டுவாராம். குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பட்டுச்சேலையோடு நேரே அங்கே போனேன். என் மனதில் ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. அவர் கையால் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கி, அவர் கண்முன்னே குடிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டால் அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிச் சமாளித்துவிடுவார். தண்ணீரென்றால் அவருக்கு விளங்கும்.

மெலிந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டு, ஒரே கதிரையை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். மனைவியும் பிள்ளைகளும் கனடாவுக்குப் போய்விட்டார்களாம். அவருக்கு விசா சரிவரவில்லையாம். எழுதுகிறார்கள் என்றார். மேசையில் ஒரு பிளாஸ்டிக் ஜக், மேலே ஒரு கோப்பைத்தட்டு மூடி, பக்கத்தில் கவிழ்த்து வைத்த ஒரு டம்ளர். கொஞ்ச நேரம் பிள்ளை, குடும்பம் என்று பேசிவிட்டுத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

“சேர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க.”

அவர் எழுந்தார். ஜக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கொஞ்சம் இருங்கோ பிள்ளை, வாறன்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எனக்குத் தேநீர் வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் கடைப் போத்தல் ஒன்று இருந்தது. அதை அடியில் மட்டும், இரண்டு விரலால் பிடித்திருந்தார். மேசையில் வைத்து, மூடியின் உடையாத வளையம் என் பக்கம் தெரியும்படி திருப்பினார்.

“நீங்களே திறவுங்கோ. நான் மூடியில கை வைக்கேல்ல.”

அவர் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே அழுது தீர்த்திருப்பேன். வருகிறவர்களுக்கெல்லாம் இப்படித்தான் செய்கிறார் என்பது அந்தக் கை போன விதத்திலேயே தெரிந்தது.

“எனக்கு அந்த ஜக்குத் தண்ணியே போதும் சேர்,” என்றேன்.

“அது பைப்புத் தண்ணி. நான் குடிக்கிறது,” என்று ஜக்கைச் சற்றுத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

நான் திறந்தேன். மூடி உடைகிற சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் டம்ளரை நிமிர்த்தித் தன் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். எதிரெதிரே இருந்து இருவரும் குடித்தோம். ஏதாவது பேச வேண்டுமே என்று, “நல்ல தண்ணி, சேர்,” என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போத்தலைத் தொடாமல் குனிந்து, அதில் ஒட்டியிருந்த தாளை முழுக்க வாசித்தார்.

“ஆர் சோதிச்சதெண்டு பேர் போடேல்ல,” என்றார்.

நான் மிச்சத்தையும் குடித்து முடித்தேன்.